மே மாதத்தில் சிவப்பாக இருந்த நிலம்

1

ஆரம்பாக்கம் ஸ்டேஷன் டீக்கடையில் இருப்பவர்களுக்கு நான் மலேசியாவில் சேட்டிலைட் ஓட்டுகிறவன். லீவில் போயிருந்தபோது ஒருத்தன், "அதுக்கு லைசென்ஸ் எடுக்கிறது கஷ்டமா?" என்று கேட்டான்.

"வானத்துல எட்டு போட்டுக் காமிக்கணும்பா. பெயிலாயிட்டா கீழ உட்ருவாங்க" என்றேன்.

நம்பிவிட்டான். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நான் சொன்னதை, ஐ.டி.ஐ. முடித்த அவன் நம்பினான். படிப்பின் மேல் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அன்றைக்குத்தான் போனது.

உண்மையில் என் வேலை இடுப்பளவு சேற்றில் நிற்பது. பஹாங் மாநிலத்தில் கெட்டுப்போன சதுப்புக் காடுகளை வானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்துக் கண்காணிக்கிற ஆபீஸ் ஒன்று இருக்கிறது. போன வருஷம் இந்த இடத்தில் என்ன இருந்தது, இந்த வருஷம் என்ன இருக்கிறது என்று படத்துக்குப் படம் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஏதாவது ஓர் இடத்தில் சந்தேகம் வந்தால், அங்கே யாராவது போய் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த யாராவது நான்தான்.

நேற்று, வருஷத்துக்கு ஒருமுறை போட வேண்டிய வேலை பர்மிட்டைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். கவுன்டரில் "கோவிந்தன்! கோவிந்தன்!" என்று கத்தினார்கள். கோவிந்தன் என் நைனா பேர். பாஸ்போர்ட்டில் என் பேருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தவர், இங்கே வந்ததும் என் பேரை ஓரமாகத் தள்ளிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டார். முதல் வருஷம் அந்தப் பேரைக் கேட்டதும், எனக்குத் தெரியாமல் விமானம் ஏறி வந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன். இப்போது பழகிவிட்டது. ஊரில் அந்த ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட நாலு பேர் இல்லை. இங்கே ஒரு நாடே கூப்பிடுகிறது.

பர்மிட் நாள் வந்தால் எனக்கு எங்கள் நிலம் ஞாபகத்துக்கு வரும். காரணம் இருக்கிறது. சொல்கிறேன்.

2

முதலில் அந்தச் சேற்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே அதற்குக் காம்புட் என்று பேர். அது மண்ணே இல்லை. காலங்காலமாக விழுந்த இலையும் கிளையும் வேரும் தண்ணீருக்குள் முழுசாக மக்காமல் அமுங்கிக் கிடப்பது. தண்ணீர் பால் விடாத டீயின் நிறத்தில் இருக்கும். மரம் இழுத்துவரவும் தோட்டம் போடவும் அதற்குள் வாய்க்கால் வெட்டினார்கள். ஈரமெல்லாம் அந்த வழியாக வடிந்துபோனது. ஈரம் போன காம்புட் வெறும் விறகுதான். தீப்பிடித்தால் மேலே அணைந்த பிறகும் அடியில் புகைந்துகொண்டே இருக்கும். நாம் பேசிக்கொண்டு நிற்கும்போதே பக்கத்து மரம் சத்தமில்லாமல் சாயும், அதன் வேர் கீழே எப்போதோ வெந்து முடிந்திருக்கும்.

படங்களின் கதை வேறு. அதில் உயிரோடிருக்கிற பச்சையெல்லாம் சிவப்பாகத் தெரியும். நம் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு வெளிச்சத்தை இலைகள் திருப்பி அனுப்புகின்றனவாம். அதற்குச் சிவப்பு வர்ணம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். காடு கருஞ்சிவப்பு. வெறும் மண்ணும் கட்டாந்தரையும் பச்சையும் நீலமும் கலந்த ஒரு சோகை நிறம். கட்சி மாறினவன் வீட்டுக் கொடி மாதிரி எல்லாம் தலைகீழ்.

அதிலும் ஒரு ஏமாற்று உண்டு. எரிந்த காட்டில் முதலில் முளைப்பது பெரணிச் செடி. இரண்டு மழைக்கு இடுப்பு உயரம் வந்துவிடும். படத்தில் பார்த்தால் பழைய காட்டைவிடப் பளிச்சென்ற சிவப்பு. காடு திரும்பிவிட்டது என்று கைதட்டத் தோன்றும். ஆபீசில் எனக்கு மேலே இருப்பவர் புவான் ரொஹானா. புவான் என்றால் நம்ம ஊர் மேடம். அவர் கைதட்ட மாட்டார். பளிச்சென்ற சிவப்பைக் கண்டாலே கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு, "கோவிந்தன், இது ரொம்ப அழகாக இருக்கிறது. போய்ப் பார்" என்பார்.

போனால் ஒரே விதிதான். அந்த இடத்துக்கு நடுவில் நிற்க வேண்டும். வடக்கே ஒரு போட்டோ, கிழக்கே ஒன்று, தெற்கே ஒன்று, மேற்கே ஒன்று. போட்டோவில் ஆள் இருக்கக் கூடாது. ஒருமுறை ஊருக்கு அனுப்பலாமென்று கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு நானே குறுக்கே நின்று எடுத்தேன். புவான் அதை நிதானமாகப் பார்த்தார். "தெற்கில் ஒரு குரங்கு மறைக்கிறது" என்று சொல்லி, மறுபடி அதே சேற்றுக்கு அனுப்பினார்.

படகு ஓட்டுகிறவர் ஆறுமுகம் அண்ணன். இங்கேயே தோட்டத்தில் பிறந்தவர். அவர் மகள் அவரிடம் மலாயில்தான் பேசுகிறாள், அவர் தமிழில் பதில் சொல்வார். சண்டை போட்டாலும் ஆளுக்கொரு பாஷைதான். "நம்ம புள்ளதான் தம்பி. என்னா ஒண்ணு, கீழ எழுத்து ஓடுனாத்தான் வெளங்கும்" என்பார். முன்பெல்லாம் நான் சிரிப்பேன். அக்கா மகள் போனில் என்னிடம், "ஐ ஆம் ஃபைன் அங்கிள்" என்று சொன்ன அன்றிலிருந்து அதற்குச் சிரிப்பதில்லை. போன வருஷம் வரைக்கும் நான் அவளுக்கு மாமா.

3

இரண்டு பர்மிட்டுக்கு முன்னால், இதே மாதிரி கவுன்டரிலிருந்து திரும்பிய அன்று, நைனாவிடமிருந்து மிஸ்டு கால். கடையில் கார்டு வாங்கி, எண்களைத் தேய்த்துக் கூப்பிட்டேன்.

"இன்னா நைனா, பயிரு எப்டி கீது?"

"அதுக்கின்னாடா, ஜம்முனு கீது. நேத்திக்குதான் தண்ணி கட்னேன். பச்சப்பசேல்னு நிக்கிது."

நான் இங்கே வந்ததிலிருந்து இதுதான் பேச்சு. நாற்று விட்டது, நட்டது, களை பறித்தது, கதிர் வந்தது எல்லாம் எனக்குப் போனிலேயே நடக்கும். ஏரி வாய்க்கால் ஓரமாக எங்களுக்கு ஒரு துண்டு வயல். நான் கடல் கடந்தது அதற்காகத்தான். கொஞ்சம் சேர்த்துக்கொண்டு வந்து, ஒரு போர் போட்டு, இரண்டு போகம் வைத்து, ஊரில் யாருக்கும் சலாம் போடாமல் இருப்பது. எல்லாருக்கும் நான் விடுகிற கதைகளில் இது ஒன்றுதான் கதையில்லை.

"ஒரு பேஜாருடா" என்றார் நைனா. "நம்ம பக்கத்து கம்பெனிக்கு எடம் பத்தலியாம். வாய்க்கா ஓரமா கீற நெலம் அல்லாத்தையும் எடுக்கப் போறாங்களாம். தரிசுன்னு சொல்லி மேப்புல மஞ்சளா அடிச்சி வெச்சிக்கினு கீறானுங்க. பயிரு வெக்கிறவன் ருசு காமிச்சா அந்த நெலத்த மட்டும் உட்ருவாங்களாம். பொங்கலு கழிச்சி, கும்முடிப்பூண்டி கல்யாண மண்டபத்துல மீட்டிங்கு."

"பயிருதான் கீதே. இட்டுக்கினு போயி காட்டு."

நைனா அதைக் காதில் வாங்காத மாதிரி வேறு பக்கம் போனார்.

"அவனுங்க மேலேர்ந்து எடுத்த படத்த நீட்றானுங்க. நீதான் மேல கீறியே. நீ ஒன்னு எடுத்து அனுப்பு. அது எப்போ நம்ம ஊரு மேல வரும்னு சொல்லு, வெள்ள வேட்டி கட்டிக்கினு நடு வயல்ல நிக்கிறேன்."

"நீ நின்னா தெரியாது நைனா. எரும நின்னாக்கூட தெரியாது."

"எரும எங்கடா இங்க கீது? அது மலேசியா போயி ரொம்ப நாளாவுது" என்றார்.

4

புவானிடம் கேட்டேன். பழைய படங்கள் இப்போது இலவசமாகவே கிடைக்கின்றன என்று சொல்லி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் தேடினார். பயிர் காலத்தில் எடுத்ததெல்லாம் மேகம். எங்கள் ஊரை யாரோ பஞ்சு போட்டு மூடிவைத்த மாதிரி இருந்தது. மேகமில்லாத படம் போன மே மாதத்தில் ஒன்றுதான் இருந்தது. சேட்டிலைட்டுக்கு உடம்பு சரியில்லாமல் போய்ப் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழுகிற காலம் அது. நல்லவேளையாக ஒரு பட்டை ரயில்வே லைனைத் தாண்டி விழுந்திருந்தது. எங்கள் நிலம் தப்பியது.

ஏரியையும் ரயில் பாதையையும் வைத்து எங்கள் வயலைக் கண்டுபிடித்தேன். நாலைந்து சின்னக் கட்டம். சுற்றிலும் எல்லாம் வெளிறிப்போன சோகை நிறம். நடுவில் எங்களுடையது மட்டும் சிவப்பு. நல்ல, பளிச்சென்ற சிவப்பு.

"பாத்தீங்களா புவான்!" என்று குதித்தேன். "எங்க நைனாவோட பயிர்!"

புவான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்கள் ஊரில் மே மாதம் மழை உண்டா?"

"இல்லை."

"வேறு தண்ணீர்?"

"இல்லை."

அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருப்பேன். ஏரி வற்றிக் கிடக்கிற மே மாதத்தில் ஊரில் போர் இல்லாத எந்த வயலிலும் பச்சை இருக்காது. அப்போதும் பச்சையாக நிற்பது ஒன்றே ஒன்றுதான், வேலிக்காத்தான் முள்.

எத்தனை பெரணிக் காட்டில் நின்றிருக்கிறேன்! நைனாவின் வயலையும் அப்படிப் பார்க்க வேண்டி வரும் என்று நினைக்கவில்லை. ஆனாலும் ஒரு நப்பாசை. சந்தேகம் வந்தால் போய் நின்று பார்க்க வேண்டும் என்பதுதானே விதி? அன்று சாயங்காலமே போன் செய்தேன்.

"நைனா, வயலுக்கு நடுவுல நின்னு நாலு போட்டோ வேணும். வடக்க, கெழக்க, தெக்க, மேற்க. மெயில்ல அனுப்பு. ஆளு குறுக்க நிக்கக் கூடாது."

5

பத்துப் பதினைந்து நாளில் கும்மிடிப்பூண்டி பிரௌசிங் சென்டரிலிருந்து நாலும் வந்தன. நாலிலும் நைனா நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, படிய வாரின தலை. வடக்கில் கையைக் கட்டிக்கொண்டு, தெற்கில் மம்மட்டியோடு. கிழக்கில் ஒரு கதிரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அது ஏதோ சாட்சி சொல்லப் போகிறது என்பதுபோல். பின்னால் நெல் அருமையாக நின்றது. ஆறுமுகம் அண்ணன் எட்டிப் பார்த்து, "அப்பா மாப்புள மாதிரி இருக்காரு தம்பி" என்றார்.

ஸ்டுடியோ பையனை அழைத்துப் போயிருப்பார். பையன் கெட்டிக்காரன், திசை தப்பாமல் எடுத்துப் பேரும் போட்டிருந்தான். அதனால்தான் மாட்டிக்கொண்டார். 'மேற்கு' என்று போட்ட படத்தில் நைனா தலைக்குப் பின்னால் ரயில் லைனின் கரண்டு கம்பங்கள் வரிசையாக நின்றன.

எங்கள் வயலில் நின்றால் ரயில் லைன் கிழக்கே இருக்கும். அது மேற்கே தெரிய வேண்டுமானால், பாதையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். அங்கே இருப்பது தேவராஜி மாமாவின் போர் வைத்த வயல். அடுத்தவன் பயிரில் போய் நின்று, அடுத்தவன் கதிரைப் பிடித்துக்கொண்டு, பெற்ற பிள்ளையைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

புவானிடம் அந்தப் படங்களை நான் காட்டவில்லை.

6

அக்காவுக்குப் போன் போட்டேன். அக்கா பக்கத்துத் தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்.

"எப்போலேர்ந்துக்கா?"

எதைக் கேட்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. "நீ மலேசியா போன வருசமே" என்றாள். "கம்பெனிக்காரன் காம்பவுண்டு கட்டும்போது வாய்க்காவ மூடிட்டான். ஏரி ரொம்பி வழிஞ்சாலும் நம்ம பக்கம் சொட்டு வர்றதில்ல. மொதோ வருசம் நாத்து உட்டுப் பாத்தாரு. அடியோட கருகிப் போச்சி."

"காலைல மம்முட்டி எடுத்துக்கினு போறாருன்னு சொன்னியே?"

"போறாரு. கம்பெனி உள்ள. கேட்டாண்ட புல்லு வளக்கிறாங்க இல்ல, அதுக்குத் தண்ணி உட்றாரு. தோட்டக் காண்டிராக்டரு வேலைக்கு வெச்சிக்கினான்."

"முள்ள ஏன் வெட்டாம உட்டாரு? மத்தவங்கல்லாம் கரி சுட வெட்ட உட்டாங்களே?"

"கரிக்காரன் நம்ம ஊட்டுக்கும்தான் வந்தான். தொரத்தி உட்டுட்டாரு. பயிரு வெக்கும்போது நானே புடுங்கிப்பேன்னாரு. அத வித்துட்டா அது வயலே இல்லன்னு ஆயிடுமாம்."

"எனக்கு ஏன்கா சொல்லல?"

"சொன்னா நீ அங்கியே தங்கிடுவன்னு" என்றாள் அக்கா. "நெலம் கீதுன்னு நெனச்சாதான்டா வருவே நீ."

இங்கே வாய்க்கால் வெட்டிக் காட்டைக் கொன்றார்கள். எங்கள் ஊரில் வாய்க்காலை மூடி வயலைக் கொன்றார்கள். இரண்டு இடத்திலும் கொன்ற பிறகு ஒரு படம் எடுத்து, "பார், இது செத்துக் கிடக்கிறது, எதற்கும் உதவாது" என்று சொல்லி எடுத்துக்கொள்கிறார்கள். வித்தியாசம் ஒன்றுதான். காட்டுக்குப் பாவம், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போஸ் கொடுக்கத் தெரியவில்லை.

7

ஆனாலும் நிலத்தை விட எனக்கு மனசில்லை. அது தரிசானது நைனாவால் இல்லை, மூடினவனால். அந்த மே மாதப் படத்தைப் பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டுத் தரும்படி புவானிடம் கேட்டேன். முள்ளுக்கும் நெல்லுக்கும் வித்தியாசம் அந்தக் கல்யாண மண்டபத்தில் யாருக்குத் தெரியப் போகிறது?

"படம் தருகிறேன். யாருக்கும் கிடைக்கிற படம்தான்" என்றார் புவான். "அங்கே என்ன வளர்கிறது என்று மட்டும் நான் எழுதித் தரமாட்டேன்."

நானும் எழுதவில்லை. ஊரும் ரயிலும் ஏரியும் தெரிய, எங்கள் வயலைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு போட்டு, கூரியரில் அனுப்பினேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று நைனாவிடம் மூச்சு விடவில்லை. "படத்துல நம்ம பயிரு நல்லா தெரிது நைனா, எடுத்துக்கினு போ" என்றேன்.

இன்னொன்றும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. வருஷக்கணக்கில் அந்தப் படங்களோடு கிடந்து, சிவப்பென்றாலே எனக்குப் பச்சை என்று ஆகிவிட்டிருந்தது. உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள் என்கிற நினைப்பு. ஊரைவிட்டு வந்தவனுக்குப் பாஷை மாறும், சாப்பாடு மாறும் என்று சொல்வார்கள். வர்ணம் மாறும் என்று எவனும் சொல்லி அனுப்பவில்லை.

8

மண்டபத்தில் நடந்ததை அக்காதான் சொன்னாள். அவளும் கூடப் போயிருந்தாள்.

கூரியரைப் பிரித்ததும் நைனா முகம் செத்துப்போயிற்றாம். "இன்னாடி இது, நம்ம நெலம் மட்டும் நெருப்பு புடிச்ச மாதிரி கீது? அவன் தப்பா எட்த்துட்டான் போல. இத காட்னா தரிசுன்னுதான சொல்லுவானுங்க" என்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லையாம். விடிந்ததும் அக்கா மகளின் ஸ்கெட்ச் பேனாவை வாங்கி, நான் போட்ட கறுப்புக் கோட்டைத் தாண்டாமல், அவ்வளவு நேர்த்தியாக, எங்கள் வயல் முழுக்கப் பச்சை அடித்துவிட்டார்.

மண்டபத்தில் அவர் முறை வந்தபோது, படத்தை மேஜைமேல் விரித்து, "என் பையன் மலேசியாலேர்ந்து எடுத்தது சார். பாருங்க, பச்சையா கீது" என்றாராம். அதிகாரி குனிந்து பார்த்தார். பக்கத்தில் லேப்டாப்போடு ஓர் இளவட்டம். அது பேனா மை மேல் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தது. பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னது:

"சார், இந்த மாதிரி படத்துல பயிரு இருந்தா செவப்பா வரும். பச்சையா வந்தா அது வெறும் தரை. செவப்பு மேல இவரே பச்ச அடிச்சிருக்காரு."

அதிகாரி நைனாவை நிமிர்ந்து பார்த்தார். "ஏன்யா, நாங்க மஞ்சள்தான் அடிச்சோம். நீயே தரிசுன்னு பச்சையா அடிச்சுக் குடுத்துட்டியே? கை வெச்ச படம் ருசுவா செல்லாதுய்யா."

மண்டபமே சிரித்ததாம். "நைனாவும் கூட சேந்து சிரிச்சார்டா" என்றாள் அக்கா. "எனக்கு அதான் தாங்கல."

அடிக்காமல் விட்டிருந்தால் அந்தச் சிவப்பு எங்கள் நிலத்தைக் காப்பாற்றியிருக்கும். பொய்தான். ஆனால் படம் சொல்லியிருக்கக்கூடிய பொய். கம்பெனிக்காரன் மூடின வாய்க்காலுக்கு ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நேராகச் சுவர் வைத்தான், அவ்வளவுதான்.

நிலம் போயிற்று.

9

அது நடந்து இரண்டு பர்மிட் ஆகிறது. நேற்று கவுன்டரில் நைனா பேருக்கு நான் கையை உயர்த்தி, முத்திரை வாங்கிக்கொண்டு ஆபீசுக்கு வந்தேன். புவான் தன் திரையில் எங்கள் ஊரைத் திறந்து வைத்திருந்தார். புதுப் படம் வந்திருக்கிறது, விருப்பமிருந்தால் பார் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நல்ல மனுஷி.

வாய்க்கால் ஓரம் முழுக்கத் தகரக் கூரையின் வெளுத்த நீலம். எங்கள் வயல் எது, அடுத்த வயல் எது என்று பிரித்துச் சொல்ல வரப்பு கிடையாது. ஏரியையும் ரயிலையும் வைத்து அளந்து அளந்து எங்கள் இடத்துக்கு வந்தேன். அங்கே கேட் பக்கமாக ஒரே ஒரு கட்டம் சிவப்பாக இருந்தது.

போய் நின்று பார்க்கத் தேவையில்லாத சிவப்பு அது. கம்பெனியின் பழைய கட்டடத்தில் புல்லுக்குத் தண்ணீர் விட்டவரையே தோட்டக் காண்டிராக்டர் புதுக் கட்டடத்துக்கும் அனுப்பிவிட்டான் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தாள்.

கார்டு வாங்கிப் போன் செய்தேன். முன்பெல்லாம் நைனா எடுத்ததும், "எப்போடா வர்றே?" என்பார். இப்போது கேட்பதில்லை. நானும் அதைப் பற்றி எடுப்பதில்லை. மழை, அக்கா மகளின் இங்கிலீஷ், இங்கே அரிசி விலை என்று சுற்றிவந்து, பேச ஒன்றும் இல்லாமல் போனதும் பழைய வழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"தண்ணி கட்னியா நைனா?"

"கட்டாம? கொழாயத் தொறந்தா கொட்டுதுடா. நம்ம நெலம் இவ்ளோ தண்ணிய எப்ப பாத்துது? எங்க தாத்தன் காலத்துலயே பாத்திருக்காது."

"எப்டி கீது?"

"பச்சப்பசேல்னு கீது. ஏன், மேலேர்ந்து உனுக்குத் தெரியலியா?"

"தெரிது நைனா" என்றேன். "நல்லா செவப்பா தெரிது."